மேகத்தில் பிறந்த கோரை

சொந்த ஊர் எது என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய பெண்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பிறந்த ஊரைச் சொன்னால், "அது உங்க அப்பா ஊரு, இப்ப எந்த ஊரு?" என்பார்கள். வாழ வந்த ஊரைச் சொன்னால், "அது சரி, பூர்வீகம் எது?" என்பார்கள். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் ஒரு சுற்று கூடுதல். என் அம்மாயி பிறந்தது நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். அம்மாவும் அங்கேதான் பிறந்தாள். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எங்களை எண்ணிப் பிரித்தார்கள். அந்த எண்ணிக்கையில் ஒருத்தியாக அம்மாயி, எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, நீலகிரிக்கு வந்து சேர்ந்தாள். இலங்கையில் "இந்தியத் தமிழர்". இங்கே "சிலோன்காரங்க". நான் கோத்தகிரி அரசு மருத்துவமனையில் பிறந்தவள். ஆனால் பள்ளிக்கூடத்தில் என்னையும் சிலோன்காரப் பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள்.

இந்தக் கட்டுரை ஒரு கோரையைப் பற்றியது. அதைச் சொல்ல இவ்வளவு முன்கதை எதற்கு என்றால், தாவரவியலிலும் முதல் கேள்வி அதுதான். இது இந்த மண்ணுக்கு உரியதா, வெளியிலிருந்து வந்ததா?

கோரை நமக்குப் புதிதில்லை. சமவெளியில் வயலிலும் தோட்டத்திலும் இடுப்பொடியக் குனிந்து களை எடுத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் கோரையைத் தெரியும். மேலே இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், பத்தே நாளில் மறுபடி தலை நீட்டும். அதே கிழங்கைக் காயவைத்து இடித்து நலங்கு மாவில் சேர்க்கிறோம். அதன் உறவுக்காரக் கோரையைக் கிழித்துக் காயவைத்துச் சாயமேற்றிப் பாய் நெய்கிறார்கள். பத்தமடையில் கல்யாணப் பாயில் மணமக்களின் பெயரைச் சேர்த்து நெய்து தருவார்கள். நெய்தவளின் பெயர் பாயில் இருக்காது. களையெடுப்பு, குளியல் பொடி, பாய் என்று கோரையோடு பெண்களின் கை படாத இடமே இல்லை. ஆனாலும் மலை உச்சியில் வாழும் கோரைகளை யாரும் அவ்வளவாகக் கவனித்ததில்லை. கிழங்குக்கும் ஆகாது, பாய்க்கும் ஆகாது. அதனால் அவற்றுக்குத் தனித்தனியாகப் பெயரும் இல்லை.

நான் சொல்லும் கோரைக்குத் தாவரவியலில் கேரெக்ஸ் நூபிஜீனா என்று பெயர். டேவிட் டான் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்தது. நூபிஜீனா என்றால் லத்தீனில் மேகத்தில் பிறந்தது என்று பொருள். இமயமலையில் உண்டு, சீனத்து மலைகளில் உண்டு, நீலகிரியிலும் பழனி மலையிலும் உண்டு, இலங்கையின் மலைநாட்டில் உண்டு, ஜாவாவிலும் உண்டு. நடுவில் இருக்கும் சமவெளியில் எங்கும் கிடையாது. குளிரும் ஈரமும் இருக்கிற உயரத்தில் மட்டும், கடலுக்கு மேலே தலை நீட்டும் தீவுகளைப் போல, மலைக்கு மலை தனித்தனியாக வாழ்கிறது. அம்மா இதை ஊத்துக்கோரை என்பாள். ஊற்று இருக்கும் இடத்தில் முளைப்பதால் அவளாக வைத்துக்கொண்ட பெயர். டானின் பெயரைவிட அது எனக்கு உபயோகமான பெயர். செடியை எங்கே தேடவேண்டும் என்று அதிலேயே இருக்கிறது.

அதை அடையாளம் காண்பது எப்படி என்று சொல்கிறேன். படிக்கிற பிள்ளைகளுக்குப் பயன்படும்.

முதலில் தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து உருட்டிப் பாருங்கள். புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டையாக இருக்கும், கணு இருக்கும், கணுக்களுக்கு இடையில் உள்ளே கூடாக இருக்கும். கோரையின் தண்டு விரலுக்கு இடையில் வழுக்கி உருளாது. மூன்று பட்டை தட்டும். கணு தெரியாது, உள்ளே கெட்டியாக இருக்கும். மேலிருந்து பார்த்தால் இலைகள் மூன்று திசையில் பிரிந்து நிற்கும். புல்லில் இரண்டு வரிசைதான். இலையின் அடிப்பகுதி தண்டைச் சுற்றி மூடிய குழாய் மாதிரி இருக்கும். புல்லில் அந்த உறை பெரும்பாலும் ஒருபக்கம் திறந்திருக்கும். இதுவரை சொன்னது எல்லாக் கோரைக் குடும்பத்துக்கும் பொது. அந்தக் குடும்பத்தில் உலகம் முழுவதும் ஐயாயிரத்துக்கு மேல் இனங்கள். அவற்றில் கேரெக்ஸ் பேரினம் மட்டுமே ஏறக்குறைய 2,000.

அந்த இரண்டாயிரத்தில் இது எது என்று கண்டுபிடிப்பதில்தான் கஷ்டம். நூபிஜீனா அடியில் கொத்தாகக் கிளைக்கும். தண்டு மெல்லியது. இலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம், அவ்வளவுதான். தண்டின் நுனியில் சின்னச் சின்னக் கதிர்கள் நெருங்கி உட்கார்ந்து ஒரே கதிர்போலத் தெரியும். அதன் அடியிலிருந்து இலை போன்ற ஒன்றிரண்டு நீண்ட தாள்கள் கிளம்பிக் கதிரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்க்கும்போது கண்ணில் படும் அடையாளம் இதுதான். பிறகு பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் வேண்டும். ஒவ்வொரு சிறு கதிரிலும் மேலே ஆண் பூக்கள், கீழே பெண் பூக்கள். இதழ் கிடையாது, நிறம் கிடையாது, வாசனை கிடையாது. காற்றுதான் மகரந்தத்தைச் சுமக்கும். கேரெக்ஸில் ஒவ்வொரு பெண் பூவையும் சுற்றி ஒரு பை இருக்கும். தாவரவியலில் அதை யூட்ரிகிள் என்பார்கள், சிறு தோல்பை என்று அர்த்தம். பையின் வாய் வழியே சூல்முடி மட்டும் வெளியே நீட்டும். நூபிஜீனாவில் சூல்முடி இரண்டாகப் பிரிந்திருக்கும். வேறு பல கேரெக்ஸ்களில் மூன்று. பை ஒருபக்கம் தட்டை, மறுபக்கம் லேசாகப் புடைப்பு. நுனியில் இரண்டு பல் கொண்ட ஒரு மூக்கு.

ஆக, கேரெக்ஸைப் பெயர் சொல்லி அடையாளம் காணப் பெண் பூ வேண்டும், அதுவும் காய் முற்றிய நிலையில் வேண்டும். இலையை மட்டும் கொண்டுபோனால் ஹெர்பேரியத்தில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பூ வராத காலத்தில் சதுப்பைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் "இங்கே புல்தான் இருக்கு" என்று எழுதிவிட்டுப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

லின்னேயஸ் 1753இல் தாவரங்களை வகைப்படுத்தியபோது ஆண் உறுப்பான மகரந்தத் தாள்களை எண்ணி வகுப்புகளையும், பெண் உறுப்பை எண்ணி அதற்குக் கீழே வரும் வரிசைகளையும் பெரும்பாலும் அமைத்தார். பெயர்களிலேயே கணவனும் மனைவியும் இருந்தார்கள். ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் தனித்தனியாக இருந்தால் அதற்கு மோனீசியா என்று பெயர், ஒரு வீடு என்று பொருள். கேரெக்ஸை அவர் அந்த ஒரு வீட்டில்தான் வைத்தார். கல்லூரியில் இதை ஓர் ஆசிரியர் பாடம் நடத்தியபோது, "மேலே ஆண், கீழே பெண், ஒரே குடும்பம், சுலபமா ஞாபகம் வெச்சுக்கலாம்" என்றார். வகுப்பு சிரித்தது. எனக்கு அது ஞாபகம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கேரெக்ஸிலேயே வேறு சில இனங்களில் கதிரின் மேலே பெண், கீழே ஆண். சிலவற்றில் தனித்தனிக் கதிர்கள். சிலவற்றில் தனித்தனிச் செடிகள். செடிகளிடம் இத்தனை ஏற்பாடு இருக்க, அவற்றில் ஒன்றை எடுத்துக் குடும்ப இலக்கணம் ஆக்கியது மனிதர்கள்.

முதுகலை படிக்கும்போது உயர்மலைச் சதுப்புகளில் கோரைகளைப் பற்றி ஆய்வு செய்ய விரும்பினேன். ஓர் ஆய்வுக் குழு கிளம்பியது. நான் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. காட்டுக்குள் தங்கும் இடத்தில் கழிவறை இல்லை, அட்டை கடிக்கும், காட்டெருமை வரும், ஏதாவது ஒன்று என்றால் யார் பதில் சொல்வது என்றார்கள். அட்டையும் காட்டெருமையும் உள்ள தேயிலைக் காட்டில், கழிவறை இல்லாமல், ஒரு நாளில் எட்டு மணி நேரம் நின்று கொழுந்து பறிக்கும் பெண்களின் பேத்தி நான். பதில் சொல்ல ஆள் வேண்டும் என்று எந்தத் தோட்டத்திலும் எங்கள் அம்மாக்களை வேலைக்கு வராமல் நிறுத்தியதில்லை. பெண்ணின் பாதுகாப்பு என்பது கூலி வேலைக்கு ஞாபகம் வராமல் அறிவு வேலைக்கு மட்டும் ஞாபகம் வருகிற ஒன்றாக இருக்கிறது.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் ஆக்னஸ் சேஸ் என்று ஒருவர் இருந்தார். 1869இல் பிறந்தவர். படம் வரைபவராக வேலைக்குச் சேர்ந்து, உலகத்தின் தலைசிறந்த புல் ஆய்வாளர்களில் ஒருவரானவர். பனாமாவுக்கு ஆய்வுப் பயணம் போனபோது பெண் என்பதால் அவரைச் சேர்க்கவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிச் சிறைக்குப் போனார். உண்ணாவிரதம் இருந்தவருக்கு வலுக்கட்டாயமாக உணவு திணித்தார்கள். பிறகு பிரேசிலுக்குப் போய் ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சேகரித்தார். 1922இல் புல்லைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களும் படித்துப் புரிந்துகொள்ளும்படி ஓர் அறிமுக நூல் எழுதினார்.

நம் மலைகளுக்கே வருவோம். நீலகிரி, பழனி மலை உச்சிகளின் தாவரங்களைப் பற்றிச் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஃபைசன் நூறு வருடங்களுக்கு முன்னால் எழுதிய நூலை இன்றும் பயன்படுத்துகிறோம். அதில் படங்கள் வரைந்தவர்களில் இருவர் பெண்கள். நூலில் அவர்கள் பெயர் மிஸஸ் ஃபைசன், லேடி போர்ன். ஒரு சூல்முடி இரண்டாகப் பிரிகிறதா மூன்றாகப் பிரிகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்து வரைகிற வேலை. அதைச் செய்தவர்கள் அச்சில் வந்தது கணவரின் பெயரோடு. காலனியத்தின் வசதியில் வாழ்ந்த வெள்ளைக்காரச் சீமாட்டிகள்தான் அவர்கள். எங்கள் பாட்டிகளோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் இரண்டு தரப்புப் பெண்களின் பெயரும் ஏட்டில் சரியாக ஏறவில்லை.

இனி அந்தக் கோரையின் வீட்டைப் பார்ப்போம். நீலகிரியின் மேல்மலை என்றால் பலருக்கும் மரங்கள்தான் ஞாபகம் வரும். உண்மையில் ஏறக்குறைய 1,800 மீட்டருக்கு மேலே இந்த மலையின் இயல்பான முகம் புல்வெளி. மலை மடிப்புகளில், நீரோடும் பள்ளங்களில் மட்டும் சோலைக்காடு. புல்வெளிச் சரிவு முடிந்து தண்ணீர் தேங்கும் தாழ்ந்த இடங்களில் சதுப்பு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது இந்தத் தாழ்ந்த இடங்கள்தான் முதலில் வெளுக்கும். மரக்கன்றுகள் அங்கே தாக்குப்பிடிப்பது அரிது. புல்லும் கோரையும் அடியிலிருந்து முளைப்பவை என்பதால் பனியில் நுனி கருகினாலும் பிழைத்துக்கொள்ளும். குளிரும் தண்ணீரும் சேர்ந்து, செத்த இலையையும் வேரையும் முழுக்க மக்கவிடாமல் வைத்திருக்கும். அது அடுக்கடுக்காகப் படிந்து கரிய நிலக்கரிச் சேறாக, பீட் ஆக மாறும். நீலகிரியின் அப்படிப்பட்ட ஒரு சேற்றைத் தோண்டி, ரா. சுகுமாரும் அவரது சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, 20,000 ஆண்டுகளின் தட்பவெப்ப வரலாற்றை அதிலிருந்து வாசித்தது. எந்தக் காலத்தில் ஈரம் கூடியது, எந்தக் காலத்தில் வறட்சியில் புல்வெளி பரந்தது என்பதெல்லாம் கரியின் அணுக்களில் பதிந்திருக்கிறது. யாரோ காட்டை வெட்டியதால் உண்டான பொட்டல் என்று நினைக்கப்பட்ட புல்வெளி, மலையில் மனிதர்கள் மரம் வெட்டத் தொடங்குவதற்கு வெகு முன்பே இருந்தது என்பதற்கு இந்தச் சேறு சாட்சி.

அந்தச் சாட்சி வருவதற்குள் வேண்டிய அளவு சேதம் நடந்துவிட்டது. ஆங்கிலேயர்கள் இந்தப் புல்வெளியைப் பயனற்ற வெற்று நிலம் என்று பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் கொண்டுவந்தார்கள். விறகு, தோல் பதனிடும் பட்டை, செயற்கைப் பட்டுக்கான கூழ் என்று ஒவ்வொரு தேவையும் ஒரு மலைச்சரிவை எடுத்துக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்த நடவு நின்றுவிடவில்லை, வேகமெடுத்தது. தேயிலை ஏறியது. உருளைக்கிழங்கும் கேரட்டும் சதுப்பின் கரிய மண்ணைத் தேடி இறங்கின. சோலைக்காட்டைவிடப் பல மடங்கு அதிகமாகப் புல்வெளிதான் அழிந்தது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. தோடர்கள் தங்கள் பால்கோயிலுக்குக் கூரை வேயும் ஒருவகைச் சதுப்புப் புல்லைத் தேடி இன்று வெகுதூரம் போகவேண்டியிருக்கிறது. அந்தக் கோயிலுக்குள் பெண்கள் போகக்கூடாது என்பது வேறு கதை. அதைப் பேச வேண்டியவர்கள் தோடப் பெண்கள்.

எங்கள் லயத்துக்குக் கீழே ஒரு சதுப்பு இருக்கிறது. ஓர் ஏக்கர்கூட வராது. இந்தியாவின் ஈரநில அட்லஸில் 2.25 ஹெக்டேருக்குக் குறைந்த ஈரநிலங்களுக்கு எல்லைக்கோடு கிடையாது, வெறும் புள்ளிதான். எங்களுடையது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வருவாய்க் கணக்கில் புறம்போக்கு. ஆனால் அதன் ஓரத்து ஊற்றில்தான் முப்பது வீட்டுப் பெண்கள் தண்ணீர் எடுக்கிறார்கள். குழாய் உண்டு. மார்ச் மாதம் வந்தால் குழாயில் காற்றுதான் வரும். ஊற்று அப்போதும் நிற்பதில்லை. மழைக்காலத்தில் சதுப்பு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது நீலகிரியில் பல இடங்களில் சரிவுகள் பெயர்ந்தன. மேலேயிருந்து வந்த வெள்ளம் எங்கள் சதுப்பில் பரவி நின்று, வேகம் இழந்து, பிறகுதான் கீழே இறங்கியது. லயத்து ஆட்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் காலையில் அங்கே பொக்லைன் வந்து நின்றது. நடுவில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டு, மண் கொட்டி, மேலே வரப்போகும் தங்கும் விடுதிக்கு வண்டி நிறுத்த இடம் செய்யப்போகிறார்கள் என்று தெரிந்தது. மகளிர் குழுப் பெண்கள் ஓர் அலுவலகத்துக்கு மனு கொண்டுபோனார்கள். அங்கே இருந்தவர், "வெறும் புல்லுதானேம்மா அங்க இருக்கு, அதுக்கு ஏன் இவ்வளவு பேர் வர்றீங்க?" என்றார். அதற்குப் பதிலாகத்தான் நான் கோரைகளை எண்ணத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காக்களும் கூட வந்தார்கள். பழைய செய்தித்தாளில் வைத்து அழுத்தி, கோயம்புத்தூரில் இருக்கும் ஹெர்பேரியத்தின் மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஊத்துக்கோரை அங்கே நின்றது, காய்த்து, பை முற்றி.

பட்டியல் தயாரானதும் எனக்கு ஒரு சங்கடம் வந்தது. நூபிஜீனா அபூர்வத் தாவரம் இல்லை. இமயத்திலிருந்து ஜாவா வரை இருக்கிறது. எங்கள் சதுப்பு போனால் உலகத்திலிருந்து அது அழிந்துவிடாது. நல்லெண்ணம் உள்ள ஒரு நண்பரே, "அழிவின் விளிம்பில் இருக்கிற ஏதாவது ஒண்ணு கெடைச்சா கேஸ் பலமா இருக்கும்" என்றார். அவர் சொன்னது நடைமுறையில் சரிதான். ஆனால் எனக்கு அது எங்கேயோ கேட்ட பேச்சாகப்பட்டது. பெண்களைப் பற்றியும் இப்படித்தானே பேசுகிறோம். முதல் விமானி, முதல் நீதிபதி, அல்லது நாடே பதறும்படி கொடூரமாகக் கொல்லப்பட்டவள். இரண்டுக்கும் நடுவில் இருப்பவள், கொழுந்து பறித்து, தண்ணீர் தூக்கி, முட்டிவலியோடு ஓய்வு பெறுகிறவள், எந்த வழக்கையும் பலமாக்குவதில்லை. சாதாரணமாக இருப்பது பாதுகாப்பு பெறத் தகுதிக் குறைவாகிவிடுகிறது. நூபிஜீனாவின் வேலை அபூர்வமாக இருப்பதில்லை. சேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், செத்தபின் சேறாகப் படிவதும்தான் அதன் வேலை. அந்த ஏக்கரில் அந்த வேலையை ஜாவாவில் இருக்கும் நூபிஜீனா வந்து செய்யாது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. மலைப் பாதுகாப்பு பற்றி ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். 2022இல் தமிழ்நாடு அரசு அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கும் இயற்கையை மீட்பதற்கும் கொள்கை வெளியிட்டதைப் பற்றிப் பேச்சு வந்தது. அவசியமான கொள்கை அது. சீகை புகுந்த புல்வெளியில் அடியில் வெளிச்சம் விழாமல் புல் செத்துப்போவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பேசிய ஒருவர், "இந்த மலையை ஆக்கிரமிச்ச முதல் அந்நியச் செடி தேயிலை, அது கூடவே வந்த ஜனமும் அப்படித்தான்" என்றார். சிலர் சிரித்தார்கள். நான் எழுந்து, தேயிலை தானாக நடந்து வரவில்லை, நாங்களும் தானாக வரவில்லை, இரண்டையும் கொண்டுவந்து நட்டவர்கள் லாபத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். விதை பரப்பி அடுத்ததைக் கொல்லும் மரத்தின் மேல் இருக்கிற கோபத்தை, கையெழுத்துப் போடத் தெரியாத நிலையில் கப்பலேற்றப்பட்ட என் அம்மாயியின் மேல் திருப்ப முடியாது. செடிக்கு வைத்த சொல்லை மனிதர்களுக்குத் தூக்கிப்போடுவது அறிவியல் ஆகாது. அப்படிச் செய்தால் அந்தச் சொல் செடிக்கும் உதவாமல் போகும். மலையை மீட்கும் வேலைக்கு வேண்டிய கைகள் எங்கள் லயத்தில்தான் இருக்கின்றன. அந்தக் கைகளை வெளியே தள்ளிவிட்டு எந்தப் புல்வெளியை மீட்பது?

வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் அந்தப் பேச்சாளரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "நொரளை மலையில நாங்க தண்ணி எடுத்த ஊத்துலயும் இந்தக் கோரை நின்னுச்சு. உங்க அம்மாயி இங்க வந்து மொதல்ல பாத்ததும் அதத்தான். கோரை இருக்கு, அப்ப தண்ணி இருக்கும், இங்கயே இருக்கலாம்னு சொன்னுச்சு" என்றாள். இலங்கையின் அந்தக் குறிப்பிட்ட ஊற்றில் நின்றது இதே இனம்தானா என்று காய் முற்றிய கதிரைப் பார்க்காமல் என்னால் எழுதிக்கொடுக்க முடியாது. ஆனால் அம்மாயியின் முடிவு சரியான முடிவு. கோரையைப் பார்த்துத் தண்ணீரைக் கணித்தாள், தண்ணீரைப் பார்த்து ஊரைத் தேர்ந்தாள். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் தன் ஊரைத் தானே தேர்ந்தெடுத்ததாக எனக்குத் தெரிந்த ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

மனுவோடு பட்டியலை இணைத்தோம். கேரெக்ஸ் நூபிஜீனா என்று எழுதி, பக்கத்தில் ஊத்துக்கோரை என்றும் எழுதினோம். தண்ணீர் எடுக்கும் முப்பது வீட்டுப் பெண்களின் பெயரையும், தகப்பன் பெயர், கணவன் பெயர் இல்லாமல், அவரவர் பெயராக எழுதினோம். வண்டி நிறுத்தும் இடம் இப்போதைக்கு நின்றிருக்கிறது. நிலத்தின் வகைப்பாடு இன்னும் மாறவில்லை. எப்போது வேண்டுமானாலும் பொக்லைன் மறுபடி வரலாம்.

இதற்கிடையில், வெட்டிய வாய்க்கால் வழியே தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. வாய்க்கால் திறந்திருந்தால் யாரும் மண் கொட்டத் தேவையில்லை, சதுப்பு தானாகவே காய்ந்துவிடும். காய்ந்த பீட் மக்கத் தொடங்கினால் பல நூறு வருடம் படிந்தது சில வருடத்தில் போய்விடும். ஆகவே சாக்குகளில் மண் நிரப்பி வாய்க்காலை நான்கு இடத்தில் அடைத்தோம். அடைப்பின் மேல் ஊத்துக்கோரையைப் பதியனாகப் பிரித்து நட்டோம். ஒரு கொத்தைப் பிடுங்கி வேரோடு நாலாகப் பிரித்து நட்டால் பிடித்துக்கொள்கிறது. நாற்று நட்ட கைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மேல் இரண்டு அடைப்பும் நிற்கின்றன. மூன்றாவது போன மழையில் உடைந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைச் சரிசெய்யப் போகிறோம். வர விரும்பும் மாணவிகள் வரலாம். முழங்கால் வரை சேறு இருக்கும், அட்டை இருக்கும். லயத்தில் கழிவறை இருக்கிறது, போன வருடம் சண்டை போட்டு வாங்கியது.